பெரிய வூட்டு நாற்காலி

இங்கிலாந்தில் வெயில் அடித்தால் அது செய்தி. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சூரியன் கொஞ்சம் தலைகாட்டினால் போதும், குளிர்காலம் முழுக்க முகத்தையே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டி, "லவ்லி டே" என்பார். ஆறு மாத விசாவில் எங்களோடு தங்க வந்திருக்கும் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. "வெயிலுக்குப் போயி இன்னாத்துக்குடா இவ்ளோ சந்தோஷம்? நம்மூர்ல வந்து ஒரு மத்தியானம் நிக்கச் சொல்லு" என்றார், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே.

வெயில் வந்த நாளில் வீட்டில் கிடப்பது இங்கே குற்றம் மாதிரி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் கிளம்பினோம்: நான், மனைவி செல்வி, எட்டு வயது மகள் இனியா, அப்பா. போனது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிற ஒரு பழைய பண்ணை எஸ்டேட். நடுவில் ஜமீன் பங்களா மாதிரி ஒரு மாளிகை, சுற்றிலும் கொட்டகைகள், புல்வெளியில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆட்டுக்குட்டிகள். அப்பா தடுப்புக்கு மேல் கையை நீட்டி ஒரு குட்டியின் முதுகைத் தடவிப் பார்த்து, "நல்லா கறி புடிக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா, தாத்தா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். "ரொம்ப அழகா இருக்காம்" என்று ஆங்கிலத்தில் சமாளித்தாள் இனியா. அந்த அம்மா நெகிழ்ந்துபோய் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மாளிகையை நெருங்கியதும் அப்பாவின் நடை மாறியது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அங்கே நின்ற வாலண்டியர் பெரியவர் மிகுந்த பரிவோடு, டாய்லெட் அந்தப் பக்கம் என்று கைகாட்டினார். அப்பா தேடியது பின்வாசலை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நாங்கள் குத்தகைக்கு உழுதது பெரிய வீட்டுக்காரர்களின் நிலம். குத்தகைக்காரர்கள் அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவோம். அப்படி யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. கால்கள் தாமாகப் போகும். எனக்கு லண்டனில் வேலை கிடைத்ததும் ஸ்வீட் டப்பாவோடு சொல்லப் போனோம், அதே பின்வாசலில். படித்த பிள்ளை என்று எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அப்பா துண்டைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றார், கால் மணி நேரம். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். ஒன்பது வருஷமாக அந்த வெட்கம் என்னை விடவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "முன்னால வாப்பா."

"வேணாம்டா. வூட்டுக்காரங்க எதுனா சொல்லப் போறாங்க."

"அவங்க எப்பவோ செத்துட்டாங்கப்பா. டிக்கெட் வாங்கிக்கினுதான வந்திருக்கோம்? ஷூவப் போடு."

முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனேன். உள்ளே இன்னொரு வம்பு. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பைன் மரக் காயை வைத்திருந்தார்கள். உட்காராதே என்பதை இந்த ஊரில் இப்படித்தான் நாசூக்காகச் சொல்கிறார்கள். சாப்பாட்டு அறையில் அப்பா பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்தும் நிற்கத்தானா?

பின்னாலேயே வந்த வாலண்டியர் பெரியவர், "அவருக்குக் கால் வலியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் மாற்றிக்கொண்டேன். "ஆமாம். ரொம்ப வருஷமாக."

அவர் உச்சுக்கொட்டியபடி, ஜன்னலோரம் இருந்த கைவைத்த பெரிய நாற்காலியிலிருந்து காயை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒக்காரலாமாடா?"

"ஒக்காருப்பா."

முதலில் நுனியில் உட்கார்ந்தார். பிறகு முதுகைச் சாய்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள்மேல் வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று அந்த மாளிகை அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்த இடத்திலேயே ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை அப்பாவுக்கு நேராக நீட்டினேன்.

"எங்க இருக்கீங்க? சாப்ட்டீங்களா?" என்றாள் அம்மா.

"பெரிய வூட்ல இருக்கேன். முன்வாசல் வழியாத்தான் வந்தேன்." அப்பா தொண்டையைச் செருமினார். "ஒக்காந்துகினு பேசுறேன்."

"எழுந்துடாதீங்க. அப்படியே இருங்க!" என்று கத்திவிட்டு அம்மா போனோடு தெருவுக்கு ஓடினாள். அங்கே கல்வராயன் மலைப் பக்கம் பொழுது இறங்கிவிட்டிருந்தது. திரைக்குள் ஒவ்வொருவராக எங்கள் தெருவே வந்து முண்டியடித்தது.

இந்தப் பக்கம் இங்கிலாந்து வெயிலில் அப்பா. அந்தப் பக்கம் போனுக்குள் ஊர். நடுவில் கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு படத்திலும் இல்லாமல்.

தெரு முழுக்கப் பார்க்க, அப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.