சாரம் கட்டியவனும் சகலையின் வெள்ளை அணுவும்

கள்ளக்குறிச்சியில் மூன்று மாடிக்குச் சாரம் கட்டிய முதல் ஆள் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கல்வராயன் மலையிலிருந்து மூங்கில் இறக்கி, நானே மேலேறிக் கயிறு போட்டு முன்னுக்கு வந்தவன். நைனார்பாளையத்தில் மாமனார் வீட்டுப் பந்தியில் முதல் இலை எனக்குத்தான் விழும். அப்புறம் என் மச்சினிச்சிக்கு மாப்பிள்ளை வந்தார். மெட்ராஸில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். அன்றோடு முதல் இலை அவருக்குப் போனது. பொறுக்குமா எனக்கு?

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த வாரம். இரண்டு மருமகன்களும் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டோம். பஸ் இல்லை. சகலைக்கு மறுநாள் மெட்ராஸில் வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் பட்டம். விருத்தாசலம் போய்விட்டால் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம். ஏரிக்கரை, கரும்புத் தோட்டம் என்று புகுந்து போகிற வழி எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போய்ச் சவுக்குக் கழிக்கு விலை பேசி வந்திருந்தேன். அவராக வந்து கேட்கட்டும், கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன்.

அவரோ மாமனாருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, ரத்தத்துல வெள்ளை அணு கிருமிய தொரத்திக்கினு போவுது. அதுக்கு காலு கெடையாது. உள்ள ஆக்டின்னு ஒரு புரதம். துண்டு துண்டா சேந்து கழி மாதிரி நீளும். அந்த கழிங்க முன்பக்கத்து தோல தள்ளும். அப்படியே நவுந்து போவும்."

மாமனார் திறந்த வாயை மூடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மடக்கிவிடலாம் என்று கேட்டேன்:

"ஏன் தம்பி, முன்னால சேத்துக்கினே போனா கழிக்கு எங்க போறது? பின்னால அவுத்தாத்தான முன்னால கட்ட முடியும்? எவன் அவுக்கறான்?"

சகலை எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, அதான் என் ஆராய்ச்சியே! அறுக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. கால்சியம் வந்தாத்தான் அதுக்கு வேலை. அறுத்த முனையில தானே மூடி மாதிரி குந்திக்கும், மேல வளர வுடாது. அறுந்த துண்டுங்க உதிந்தா மறுபடி முன்னால போயி சேரும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கட்டுகிறவன் நூறு பேர் கிடைப்பான். எந்த முடிச்சை எப்போது அறுப்பது என்று தெரிந்தவன்தான் மேஸ்திரி. பிரிக்கத் தெரியாதவன் கட்டிய சாரம் வெறும் கூண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமனார் மாமியாரிடம் முந்திக்கொண்டார்:

"சின்ன மாப்ள திறமைய பாத்தியா! சாரம் கட்றவருக்கே புரிய வச்சிட்டாரு!"

கேள்வி என்னுடையது. பெருமை அவருக்கு. அந்த நேரம் பார்த்து சகலை கேட்டார்: "அண்ணே, விருத்தாசலத்துக்கு ஏதாவது வழி இருக்கா?"

"ஒரு வழியும் இல்ல தம்பி. எல்லாம் மரம்."

பொய்தான். அவர் முகம் செத்துப்போனது. நாலு வருட உழைப்பு. மச்சினிச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எரிந்த வயிறு குளிர்ந்திருக்க வேண்டும், பாதிதான் குளிர்ந்தது.

என் பெண்சாதி சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாங்க, நேத்து நீங்க விருத்தாசலத்துக்கு பறந்தா போனீங்க?"

வீடே என்னைப் பார்த்தது. "கரும்புக்குள்ள பூந்து போவணும். தம்பி வேட்டி கிழியுமேன்னு பாத்தேன்" என்று சமாளித்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஒரு இடத்தில் அடிமரத்தின் மேல் வண்டியைத் தூக்கிக் கடத்தினோம். அவருக்குத் தூக்கவும் தெரியவில்லை. முக்கால் பாரம் என் தோளில். ரயில் வருவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பட்டம் கிடைத்தது. சகலை வந்த அன்று மாமனார் தெருவையே கூட்டினார். "மரத்தையெல்லாம் தாண்டி போயி ஜெயிச்சிக்கினு வந்தாரு எங்க சின்ன மாப்ள!"

சகலை குறுக்கிட்டார். "இல்ல மாமா, அண்ணன்தான் கொண்டாந்து வுட்டாரு. அவரு இல்லன்னா நான் இல்ல."

மாமனார் ஊரைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, படிச்சவருக்கு எவ்ளோ அடக்கம்!"

சகலை அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.