தட்டாமல் திறந்த கதவு

எல்ஃபுகளுக்கு ஏழு சாமிகள் போதும் என்று ஆபீசில் முடிவானபோது என் அண்ணன் செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எல்ஃப் என்றால் கூர்க்காது வைத்த காட்டு ஜனம். ஆயிரம் வருஷம் வாழும், முடி நரைக்காது, பல் விழாது. நாங்கள் செய்வது கம்ப்யூட்டர் விளையாட்டு. படம் வரைகிறவர்கள் அந்த ஜனத்துக்குக் காது வைப்பார்கள், நான் சாமி வைப்பேன். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்காதவர்கள் எங்கள் மர்பி டவுன் தெருவில் கிடையாது.

அண்ணன் அதை வைத்தே என்னை ஓட்டுவான். உன் சாமிகளுக்குக் கெடா வெட்டுவார்களா என்று கேட்பான். இல்லை, பழமும் தேனும்தான் என்பேன். அப்போது அது சாமியே இல்லை, போ என்பான். கார் ஏசி மெக்கானிக். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன். அம்மா, அவன், நான், வீட்டில் மூன்று பேர்தான். நாற்பத்தொரு வயதில் பெட்ரோல் பங்க் வரிசையில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி ஹாரன் அடித்தார்களாம். அதைக் கேட்டபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் படையல் போட்டோம். எங்கள் வீட்டில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று விடுவது. அரை மணி கழித்து மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சாப்பிடுகிறவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது. குஸ்கா, மட்டன் வறுவல், அவித்த முட்டை, பேக்கரியில் பெண்ணெ பிஸ்கட் என்று விற்கும் வெண்ணெய் பிஸ்கட், ஒரு பாக்கெட் சிகரெட் எல்லாம் வைத்திருந்தோம். என் போன் மட்டும் உள்ளே சார்ஜில் மாட்டிக் கிடந்தது. சாத்திய ஐந்தாவது நிமிஷம் அது அடிக்க ஆரம்பித்தது. ஆபீஸ். நின்றது, மறுபடி அடித்தது. எனக்கு அந்தச் சத்தம் நிற்க வேண்டும், வேறெதுவும் தோன்றவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் போனை எடுத்து, இரண்டு நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்றேன். திரும்பினால் வாசற்படியில் அம்மா நிற்கிறாள்.

"துன்னுக்கினு இருந்தவன எழுப்பி அனுப்பிட்டியேடி," என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. சோறு இருக்கு, கேஸ் தீர்ந்துபோச்சு, இந்த மாதிரி மட்டும். மாதாமாதம் அமாவாசைக்கு நான் ஆபீஸ் கிளம்பிப் போன பிறகுதான் இலை போடுவாள். சாயங்காலம் வந்தால் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான் இருக்கும். எனக்கு நம்பிக்கை கிடையாது, எழுந்து போக அங்கே யாரும் இல்லை என்று தெரியும். ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை அவள் பிள்ளை அரைவயிற்றோடு போனான், அனுப்பியது நான். அவளிடம் போய் என்ன சொல்வது?

ஆபீசில் ஆறு சாமிகள் சுலபமாக வந்தார்கள். மழைக்கு, மரப்பட்டைக்கு, பெயர் வைப்பதற்கு என்று ஆளுக்கொரு வேலை. ஏழாவது, சாவுக்கு. ஆயிரம் வருஷம் வாழ்கிற ஜனத்துக்குச் சாவு பழக்கமே இருக்காது, யோசித்து எழுது என்றார் டீம் லீட். யோசிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் படையலை அப்படியே தூக்கி வைத்தேன். இலை, விளக்கு, சாத்திய கதவு, மூன்று தட்டு. வெளியே முதுகைக் காட்டி நிற்கும் ஒரு அம்மன். வெளிநாட்டு கிளையண்டுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்கள்: கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? அதைக் காட்ட வேண்டுமாம்.

ஒளி, புகை, ஏதாவது போடு என்றார் லீட். மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, மூன்றிலும் அந்த எல்ஃப் இடது கையால் சாப்பிடுகிறதே, ஏன் என்று கேட்டார். நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. அண்ணன் இடதுகைக்காரன். சின்ன வயதில் அம்மா அந்தக் கையைக் கட்டிப்போட்டுச் சோறு போட்டும் மாறவில்லை. லீட்டிடம் சும்மாதான் என்றேன். மூன்றையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: உள்ளே காட்டக் கூடாது. தட்டாமல் திறந்தால் செத்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். அந்த மதத்தில் பாவம் என்பது இது ஒன்றுதான். பாவம் நல்ல ஐடியா, விளையாடுகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றார் லீட்.

அன்று வீட்டுக்கு வந்து, அம்மா கேட்காமலே அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"காட்டு ஜனத்துக்கு மட்டும் தட்டணும்னு எழுதத் தெரியுதா?"

தெரியாம செஞ்சுட்டேம்மா என்றேன். அவள் பொறுக்கிய கல்லை எறிந்துவிட்டு அடுத்த பிடிப் பருப்பை எடுத்தாள். ஆனால் வருஷத் திதி நெருங்கியபோது, "லீவு போடு," என்றாள்.

போட்டேன். குஸ்காவும் வறுவலும் அவளே செய்தாள். முட்டையை உரிக்க என்னிடம் கொடுத்தாள். பிஸ்கட் நான் வாங்கி வந்தது. போனை அணைத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். தண்ணீர் டம்ளரை அம்மா இலைக்கு வலது பக்கம் வைத்தாள். நான் அதை இடது பக்கம் மாற்றினேன். பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். தெருவில் எவனோ ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தான்.

அரை மணி ஆனது. அம்மா என்னைப் பார்த்து, "நேரமாச்சு, தட்டு," என்றாள். நான் கையைத் தூக்கினேன். தட்டினால் அவன் எழுந்திருப்பான். எழுந்தால் போய்விடுவான். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது, கை கதவில் படவே இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் சாப்பிடட்டும்மா," என்றேன்.