பூட்டிக்கொண்ட டைரி

மதுரை டாக்டர் எனக்குச் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். அன்றாடம் நடப்பதை அன்றன்றே எழுதி வைத்து, காலையில் எழுந்ததும் படிக்க வேண்டும். ஆத்தங்குடிக்கு ரோடு பிரிகிற விலக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நான் நின்ற பிறகு, மனைவி என்னை அவரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். மறதி கூடத்தான் செய்யும், குறையாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு நோட்டு வாங்கியிருந்தால் வேலை முடிந்தது. நானோ கம்ப்யூட்டரில் லினக்ஸ் பித்துப் பிடித்தவன். வீறாப்பாக டைரி மென்பொருள் தேடினேன். ஒன்றில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியது. இன்னொன்று, நான் எழுதுவதை எங்கோ இருக்கிற சர்வருக்கு அனுப்பப் பார்த்தது. என் வீட்டுச் சங்கதி உனக்கு எதுக்குடா என்று அதையும் தூக்கினேன்.

கடைசியில் பூட்டு உள்ள ஒன்றைப் பிடித்தேன். எங்கள் பெரிய வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், கல்யாணமானதும் ஆளுக்கொரு அறை, தனி அடுப்பு, தனிப் பூட்டு. பூட்டில்லாத எதுவும் எனக்கு என்னுடையதாகத் தோன்றாது. பாஸ்வேர்டு மறந்தால் செய்தவர்களாலும் திறக்க முடியாது என்று அதில் போட்டிருந்தது. அடடா, இதுவல்லவா டைரி என்று குதித்தேன். மறதிக்காரன் செய்கிற வேலையா இது!

சில மாதங்கள் ஒழுங்காக எழுதினேன், படித்தேன். ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், கை அப்படியே நிற்கிறது. பாஸ்வேர்டு வரவில்லை. குலதெய்வத்தின் பெயர், முதல் வண்டியின் நம்பர், எதைப் போட்டாலும் தப்பு என்கிறது. லினக்ஸ்காரர்கள் கூடும் இணையக் குழுவில் கேட்டேன். அதுதான் அந்த மென்பொருளின் பெருமையே என்று பதில் வந்தது. நாசமாய்ப் போக!

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கப்படாதா நீங்க?” என்றாள் மனைவி.

“சொல்லிட்டா அப்புறம் அதுக்குப் பேரு பூட்டா?” என்று எரிந்து விழுந்தேன். பயத்தில் வந்த கோபம் அது. அந்த மாதங்கள் என் தலையிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் கிடைக்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரி, நான் சொல்றேன், நீங்க அடிங்க. பூட்டெல்லாம் வேணாம்.”

வெறும் எழுத்து மட்டும் அடிக்கிற சாதாரணக் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.

“நேத்து சிவகங்கையிலருந்து மக வந்தா. பால் பணியாரம் செஞ்சேன். சாயந்தரம் பஸ் ஏத்திவிட நீங்கதான் போனீக. ரொம்ப நேரம் அவ கையப் புடிச்சுக்கிட்டே நின்னீகளாம், போன்ல சொன்னா.”

யார் வீட்டிலோ நடந்ததைப் போல இருந்தது. ஒவ்வொரு சொல்லாக அடித்துக்கொண்டே, “பெரியவளா, சின்னவளா?” என்று கேட்டேன்.

அவள் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

“நமக்கு ஒரே மகதான்,” என்றாள். “அதையும் அடிங்க.”