கண்டக்டரம்மா படகைத் தவறவிட்ட நாள்

கண்டக்டரம்மா என்றால் படகுத்துறைப் பக்கம் தெரியாதவர்களே கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் ஒரே தடத்தில் ஓடியவள். நகரத்துச் சந்தையில் கிளம்பும் அந்தப் பேருந்து ஊரெல்லாம் சுற்றி வளைத்து, கடைசியில் படகுத்துறை வாசலில் வந்து பெருமூச்சு விட்டு நிற்கும். "கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க. பக்கத்துல தூங்கறவங்களை எழுப்பி விடுங்க" என்று அவள் கொடுக்கும் குரலில் யாரும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.

அவளுக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். யாராவது தலைதெறிக்க ஓடி வந்தால் படிக்கட்டில் நின்றபடி, "பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்பாள். இரண்டு விசில். வண்டி போய்விடும். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டியும் இருக்காது.

மற்றொன்று, பேருந்து மனிதர்களுக்கு மட்டும்தான், வீட்டுச் சாமானுக்கு இல்லை. இந்த இரண்டாவது கொள்கைதான் அவளைப் படாத பாடு படுத்தியது. படகுத்துறைக்கு எதிரே கடலில் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடந்தன. அங்கே ஒரு வாளி வேண்டுமென்றாலும், ஒரு ஜன்னல் சட்டம் வேண்டுமென்றாலும், நகரத்தில் வாங்கி அவள் பேருந்தில் ஏற்றி, பிறகு படகில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். ஆகவே தினமும் சண்டை.

"இது என்ன பஸ்ஸா, சாமான் கிடங்கா?"

"மடியில வெச்சுக்கறேன்மா."

"தையல் மிஷினை எப்படிங்க மடியில வெச்சுப்பீங்க?"

இவ்வளவு சண்டை போட்டும் அவள் ஒருநாள்கூட அந்தத் தீவுகளுக்குப் போனதில்லை. ஒரு டீ குடிப்பதற்குள் வண்டி திரும்பிவிடும். தன் பயணிகளை அள்ளிக்கொண்டு போகும் வெள்ளைப் படகை டீயும் கையுமாக நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். ஏக்கமெல்லாம் ஒன்றுமில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்கு விடுமுறை கிடைத்தால் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

ஓய்வு பெற்ற புதிதில் தூங்கித் தீர்த்தாள். தூக்கம் தீர்ந்ததும் வீட்டை நடத்த ஆரம்பித்தாள். அவள் கணவர் முன்னறையில் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முடியை விடச் சன்னமான ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து, "கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க, வழியை மறைக்காதீங்க" என்று குரல் வரும். ஸ்பிரிங் எங்கேயோ துள்ளிப் போய் விழும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அவரே போய்ப் படகுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

"நீயும் தங்கச்சியும் போய் எல்லாத் தீவையும் சுத்திப் பாத்துட்டு வாங்க. சாயந்திரம் வந்தாப் போதும்."

"நீங்க வரலையா?"

"எனக்கெல்லாம் தண்ணின்னா குளிக்கறதோட சரி."

தங்கச்சி என்பது கண்டக்டரம்மாவின் நாத்தனார். இவர்களோடுதான் இருக்கிறாள். துணிக்கடைக்காரர்கள் அனுப்பும் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பட்டன் தைத்துக் கொடுப்பவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள். தெருமுனைக் கடைக்குப் போவதற்குக்கூட, "அண்ணி, நீங்களும் வாங்களேன்" என்பாள்.

சனிக்கிழமை காலை இருவரும் படகேறினார்கள். சாப்பாட்டு டப்பாக்கள், தண்ணீர் பாட்டில், கண்டக்டரம்மாவின் செல்போன் எல்லாம் ஒரே பையில். பை நாத்தனாரின் மடியில். படகில் கயிறு கட்டி அவிழ்க்கிறவர் மீசைக்காரர். தினமும் இவள் பேருந்தில் வேலைக்கு வந்தவர். "இன்னிக்கு நீங்க பயணிம்மா. நிம்மதியா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தாள். படகு கிளம்புவதற்குள் எழுந்தாள். வாசலில் கும்பலாக நின்றவர்களைப் பார்த்ததும் கை பரபரத்தது. "நடுவுல நிக்காதீங்க. முன்னாடி நிறைய இடம் இருக்கு, போங்க போங்க" என்றாள். ஜனங்கள் மறுபேச்சுப் பேசாமல் நகர்ந்தார்கள். இரண்டு பேர் படகின் மூக்குவரைக்கும் போய், அதற்கு மேல் கடல்தான் என்று தெரிந்த பிறகே நின்றார்கள்.

முதல் தீவு வந்தது. "கொஞ்ச நேரம் நிக்கும். ஹாரன் அடிச்சதும் வந்துருங்க" என்று மீசைக்காரர் சொன்னார். நாத்தனார் காற்று நன்றாயிருக்கிறது என்று இருந்த இடத்திலேயே இருந்துகொண்டாள். கண்டக்டரம்மா மட்டும் கால் மரத்துப் போயிருக்கிறதே என்று இறங்கினாள்.

தெரு குறுகலாக இருந்தது. முதல் கடை முடிதிருத்தும் கடை. சுவரில் பெரிய கண்ணாடி. அதன் மேல்மூலை உடைந்திருந்தது. அந்த மூலையைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பேருந்தில் வந்தபோது, வளைவில் டிரைவர் பிரேக் போட்டதில் உடைந்த மூலை. அன்றைக்கு நடந்த சண்டை இன்னும் காதில் இருக்கிறது. கடைக்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்தார்.

"வாங்கம்மா. உங்க கண்ணாடி சௌக்கியமா இருக்கு, பாத்தீங்களா?"

உள்ளே பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரும் வணக்கம் வைத்தார்.

அதற்கப்புறம் அவள் நடக்கவே இல்லை. ஊர்தான் அவளை நடத்திக்கொண்டு போனது. அவளுக்கு முன்னால் செய்தி போய்விட்டது. ஒரு வீட்டில் ஜன்னல் சட்டத்தைத் தட்டிக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கன்றாகக் கொண்டு வந்து, முள்ளால் பேருந்தில் பாதிப் பேரைக் கீறிய எலுமிச்சை, மதிலுக்கு வெளியே கிளை பரப்பிக் காய்த்துத் தொங்கியது. ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம் வரைக்கும் தூங்கிக்கொண்டே வரும் ஒருவருக்கு அவள் தூங்குமூஞ்சி என்றே பெயர் வைத்திருந்தாள். அவர் இங்கே கூரைமேல் ஏறி நின்று ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய கண்கள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெருக்கோடியில் வலை பின்னுகிறவரின் மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா?"

காட்டியது ஒரு கட்டில். கடைசல் கால், பூ வேலை செய்த தலைமாட்டுப் பலகை. கண்டக்டரம்மா முகம் மாறியது. மாப்பிள்ளைக் களை மாறாத ஓர் இளைஞனையும் ஒரு கட்டிலையும் சந்தை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு விசில் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"கல்யாணமான புதுசுல நாங்க ஒரு மாசம் தரையிலதான் படுத்தோம். எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள் மனைவி.

"அப்புறம் இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க பஸ்லதான்" என்றார் வாசலில் வந்து நின்ற வலைக்காரர், அன்றைய அந்த இளைஞன்.

"என் பஸ்லயா? சான்ஸே இல்ல."

"கட்டிலைக் கழட்டிக் கடையிலயே வெச்சுட்டேன். ஒரு தடவைக்கு ஒரு காலு. நான் கைத்தடி ஊனிக்கிட்டு நொண்டி நொண்டி வந்தது ஞாபகம் இருக்கா? பாவம்னு சொல்லி ஒருத்தரை எழுப்பி எனக்கு சீட்டுகூட வாங்கிக் குடுத்தீங்க."

கண்டக்டரம்மா குனிந்து கட்டில் காலைத் தடவிப் பார்த்தாள். "கைத்தடி அடியில உருண்டையா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். சரி, இந்தப் பலகை?"

"கடைக்கு போர்டுன்னு சொன்னேன்."

"ஒரு எழுத்துகூட இல்லாமயா?"

"இனிமேதான் எழுதணும்னேன். மழை வர்றதுக்குள்ள எழுதிருங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெளியே ஹாரன் கேட்டது. ஹாரன் என்பது மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு என்றே பழகிப்போன காது; அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைத்தபோது எழுந்து ஓடினாள். தெருவே ஒதுங்கி வழிவிட்டது. துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகுக்கும் கரைக்கும் நடுவே கடல் வந்துவிட்டிருந்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த மீசைக்காரர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். வாயருகே கையைக் குவித்து, "பின்னாடி படகு காலியா வருது, அதுல வாங்கம்மா" என்றார்.

படகே சிரித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பேயறைந்தவள் போல நின்றாள். கண்டக்டரம்மாவுக்கு முதலில் கோபம் சுர்ரென்று ஏறியது. ஓடி வந்ததில் விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. தன் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தவர்களுக்கெல்லாம் இங்கேதான் பிடித்திருக்கும் என்று தோன்றியதும் கோபம் வந்த வழியே இறங்கிவிட்டது.

அந்தப் படகு எல்லாத் தீவையும் சுற்றிவிட்டுச் சாயந்திரம்தான் இந்தப் பக்கம் வரும். நாத்தனாரை நினைத்தால்தான் பகீரென்றது. வலைக்காரர் மனைவி தன் செல்போனிலிருந்து பையில் இருந்த போனுக்கு அழைத்துப் பார்த்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

"படகுல அத்தனை பேர் இருக்காங்க, விட்டுருவாங்களா? வந்து சாப்பிடுங்க" என்றாள். சோறும் மீனும் போட்டாள். சாப்பிட்டதும், "கொஞ்சம் படுங்க" என்று கட்டிலைக் காட்டினாள்.

"பகல்ல படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

"சும்மா காலை நீட்டுங்க."

நீட்டினாள். கடல் காற்று ஜன்னல் வழியாக வந்தது. நரம்பு சுருண்ட கால்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. கடைசி நிறுத்தத்தில் இறங்கியவர்கள் அதோடு முடிந்து போகிறார்கள் என்பது போலத்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள். அவர்கள் இறங்கிய பிறகு இவ்வளவு நடந்திருக்கிறது. கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், மரம் வளர்த்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டே இருந்தவள் எப்போது குறட்டை விட ஆரம்பித்தாள் என்பது அவளுக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும்.

சாயந்திரம் மடி நிறைய எலுமிச்சையோடு துறையில் நின்றாள். படகு வந்தது. மேல்தளத்தில் புத்தம்புது ஓலைத் தொப்பியோடு ஒரு பெண் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அது நாத்தனார் என்று தெரிந்தது.

"ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள்.

"அடுத்த தீவு வரைக்கும் பயந்தேன் அண்ணி. அப்புறம் பசிச்சுது. உங்க டப்பாவையும் சேத்து நானே சாப்பிட்டுட்டேன்."

"போனை எடுத்திருக்கலாமே?"

"போன் அடிச்சுதா? நான் கலங்கரை விளக்கத்து மேல இருந்திருப்பேன். பையைக் கீழ வெச்சுட்டு ஏறினேன்."

"நீயா ஏறினே?"

"நானேதான். அங்கேருந்து பாத்தா எல்லாத் தீவும் தெரியுது. ஒண்ணுல வெறும் பறவைங்கதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க கூட இருந்திருந்தா, நேரமாச்சு இறங்குன்னு பாதியிலயே இறக்கியிருப்பீங்க."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்டக்டரம்மா மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் கிளம்பினார்கள். இந்தத் தடவை நாத்தனாரே ஏற்பாடு செய்துவிட்டாள். "நீங்க இறங்கி உங்க ஜனங்களைப் பாருங்க. நான் பறவைங்க இருக்கற தீவைக் கிட்டப் போய்ப் பாத்துட்டு வரேன். சாயந்திரம் ஏறிக்கோங்க." மடியில் பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளையும் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டரம்மா இரண்டாவது தீவில் இறங்கினாள். துறையிலேயே நான்கைந்து பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாரம் தவறாமல் கோழிக்கூண்டோடு பேருந்தில் ஏறியவள்.

"போன வாரம் அந்தத் தீவுல சாப்பிட்டுத் தூங்கிட்டுத்தான் போனீங்களாமே" என்றாள் கோழிக்கூண்டுக்காரி. "அவங்க மட்டும் ஒசத்தியா?"

"படகை விட்டுட்டேன்மா. வேணும்னேவா தூங்கினேன்?"

"அதெல்லாம் தெரியாது. இங்கயும் தூங்கிட்டுத்தான் போகணும்."

சாப்பாடு ஆனதும் காற்றோட்டமான அறையில் பாய் விரித்து, தலையணைக்கு வெளுத்த உறை போட்டு, கதவுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும். ஆனாலும் அவர்கள் மனம் கோணக் கூடாதே என்று கண்டக்டரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நம்பட்டும் என்று ஒரு சின்னக் குறட்டையும் விட்டாள்.