சாவியை எடுத்த பிறகும்

போர்வெல் போடும் லாரியில் கம்ப்ரஸர் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று செஞ்சிக் கோட்டைக்குப் பின்னால் வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில் நல்ல தண்ணீர் வந்தது. வேலை முடிந்ததென்று இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்தேன்.

இன்ஜின் நிற்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. டீசல் குழாயை அடைத்தேன். அப்போதும் அலறியது. அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. காற்றை இழுத்து இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கொல்லைக்கார அம்மா கைகூப்பிவிட்டார். "ஆத்தா எறங்கிட்டா. கற்பூரம் ஏத்துங்க."

"கிட்ட வராதீங்கம்மா. வெடிச்சா எல்லாரும் போய்டுவோம்" என்றேன்.

காற்றை அடைத்தால்தான் அது அடங்கும். கையை வைத்தால் கை மிஞ்சாது. காலையில் பூஜைக்குப் போட்ட மணைப்பலகை கண்ணில் பட்டது. மஞ்சள் பிள்ளையாரை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பலகையைக் காற்றுக்குழாயின் வாய்க்கு நேரே கொண்டுபோனேன். நான் அழுத்தவே இல்லை. டர்போ அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. உள்ளே சுற்றுவது உள்ளங்கையளவு சக்கரம்தான்.

இன்ஜின் திணறி அடங்கியது. பலகை தானாகக் கீழே விழுந்தது.

"போய்ட்டாளா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"போய்ட்டாம்மா" என்றேன்.

இப்போது தினமும் இன்ஜினைப் போடுமுன் அந்தக் குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். சாமி கும்பிடுகிறேன் என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். நான் மறுப்பதில்லை.