ஜோல்சுபேக்கின் பச்சைப் பெட்டிகள்

"முப்பத்தொரு வருஷம்! என் பெட்டியில அநாவசியமா ஒரு வார்த்தை நான் பேசினதில்லை!" என்று ஜோல்சுபேக் மார்தட்டாத கல்யாண விருந்து நாரின் என்ற அந்த மலையூர்ப் பக்கத்தில் கிடையாது. எதிரில் மரியாதைக்கு வைத்த ஆட்டுத்தலை ஆறிக்கொண்டிருக்கும்; அவர் ஆற மாட்டார்.

பெட்டி என்பது பட்டாளத்தில் அவர் முதுகில் சுமந்த பச்சை வயர்லெஸ். படைப்பிரிவைக் கலைத்தபோது ஒரு கிடாயைக் கொடுத்து இரண்டு பெட்டிகளை வாங்கி வந்தார். கோடையில் ஒன்று மேய்ச்சல் மலைக்கு மனைவி புருலோடு போகும். மற்றொன்று கீழே, புல் அறுக்கும் அவரிடம் இருக்கும். கணவாய்க்கு அப்பால் செல்போன் எடுக்காது.

விதிகள் கடுமையானவை. சரியாகப் பகல் பன்னிரண்டுக்குப் பேச வேண்டும். பெட்டியில் அவர் பெயர் கழுகு, அவள் பெயர் குருவி. (புருலைத் தாங்கும் குதிரை அந்த ஊரிலேயே இரண்டுதான்.) விசையை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம்; பேசி முடித்ததும் 'முடிவு' என்று சொல்ல வேண்டும். மனிதனின் வாய்க்கும் காதுக்கும் நடுவே இப்படியொரு விசை வைக்காதது படைத்தவனின் கவனக்குறைவு என்பது அவர் கருத்து.

இந்த வருஷம் குதிரை உதைத்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். ஒரு நாள் புருல், "கிழவா, இங்க சரிவு பூரா பூ. நீ பாக்கணுமே..." என்று ஆரம்பித்தாள்.

"குருவி, ஆடு எத்தனைன்னு மட்டும் சொல். முடிவு."

பெட்டி ஒரு கணம் இரைந்தது. "எல்லாம் இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பன்னிரண்டுக்குப் பதில் இல்லை. மலைமேல் மேகம் கறுத்திருந்தது. அதற்கடுத்த நாள், அவருக்குச் சமைத்துப்போடும் பக்கத்து வீட்டு மமிர் வந்து, மேலே ஆலங்கட்டி மழை கொட்டியதாகச் சொன்னான்.

"நான் வேணும்னா குதிரையில போய்ப் பாத்துட்டு வரட்டுமாண்ணே?"

"நீ போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும்," என்று ஜோல்சுபேக் பேசும் குழலை எடுத்தார். "குருவி, கழுகு பேசுறேன். நிலவரம் சொல்." இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை கழுகைக் காணோம்.

"புருலு! கிழவி! கோவமா? நான் சொன்னது தப்புதான்டி. நீ இல்லாம டீ கூட கழுதை மூத்திரம் மாதிரி இருக்கு. மமிர் வைக்கிற சூப்பைக் குடிச்சுக் குடிச்சு ஆயுசு பாதியாயிடுச்சு. ஏதாவது பேசு. திட்டவாவது செய்..."

"அண்ணே," என்றான் மமிர்.

"சும்மா இருடா!"

"சூப்பைப் பத்தி இல்லண்ணே. கட்டைவிரல்! விசையை அமுக்கிட்டே இருந்தா அண்ணி எப்படிப் பேசுவாங்க?"

சிக்னல் பிரிவின் முன்னாள் சார்ஜென்ட் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது வெளுத்துப் போயிருந்தது. எடுத்தார்.

"...காது அடைச்சுப் போச்சா கிழவா? உயிரோடதான் இருக்கேன்! ஆலங்கட்டியில ஏரியல் கம்பி விழுந்துடுச்சு, இப்பத்தான் கட்டி முடிச்சேன். ஆடெல்லாம் பத்திரம். நீ பேசினதும் பூரா கேட்டுச்சு. முடிவு."

ஜோல்சுபேக் தொண்டையைச் செருமினார். "மமிர், குதிரைக்குத் தண்ணி காட்டு."

"இப்பத்தானே காட்டினேன்?"

"மறுபடியும் காட்டு."

அவன் சிரித்துக்கொண்டே வெளியே போனான். ஜோல்சுபேக் கதவு சாத்தும்வரை காத்திருந்து, விசையை மெல்ல அழுத்தினார்.

"கிழவி... மமிர் வீட்டு வான்கோழி நம்ம வேலி மேல ஏறிட்டு, இறங்கத் தெரியாம காலையிலேர்ந்து நிக்குது."

இந்தத் தடவை ஒழுங்காக விரலை எடுத்தார்.

"அப்புறம்?" என்றது பெட்டி.