மாமியார் காயில்

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'கைராசி' என்றுதான் பெயர். செத்த வண்டியும் இவர் கை பட்டால் உறுமும் என்பார்கள். அவரும் மறுத்ததில்லை, புகழ் யாருக்குக் கசக்கும்?

ஒர்க்‌ஷாப் அலமாரியில் பழைய காயில் ஒன்று வைத்திருந்தார். பிளக்கில் பொறி தட்ட மின்சாரம் கொடுக்கும் டப்பா அது. என்ஜின் விட்டுவிட்டுத் திக்கினால், கடைப் பேச்சில் 'மிஸ்ஸிங்' அடித்தால், வண்டியின் காயிலைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார். மிஸ்ஸிங் நின்றால் கோளாறு காயிலில், நிற்காவிட்டால் வேறெங்கோ. "மாமியாரை எடுங்கப்பா, குத்தம் யாரு மேலன்னு அது சொல்லிடும்" என்பார். கடையே சிரிக்கும்.

போன மழைக்கு முன்னால் தங்கை வீட்டுக்காரரின் வேன் வந்தது. காய்கறி ஏற்றும் கிழட்டு வேன். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததே அதை நம்பித்தான். காலையில் சமர்த்தாக ஓடும். சூடேறினால் திக்கும், இருமும், மேட்டில் நின்றுவிடும். கைராசி முதல் வேலையாக மாமியாரை மாட்டி ஓட்டினார். அப்போதும் திக்கியது. சரி, காயில் இல்லை என்று முடிவு கட்டியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிளக், வயர், கார்புரேட்டர் என்று ஒன்று விடாமல் மாற்றினார். ரெண்டு நாள் நன்றாக ஓடும், அப்பாடா என்பதற்குள் சனியன் மறுபடி திக்கும். கடைசியில் தோற்றுப்போய், "என்ஜினே போச்சு மாப்ளே. இதைக் கட்டிக்கிட்டு அழாதீங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார்.

மாப்பிள்ளை வேனை இரும்புக்கடையில் தள்ளிவிட்டு, அது காய்கறி ஏற்றிப் போன சந்தையிலேயே மூட்டை தூக்கப் போனார்.

இன்று மத்தியானம் வேறொரு பழைய கார் வந்தது. மாமியாரை மாட்டியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை. கார்க்காரர் பிடிவாதக்காரர், கையோடு புதுக் காயில் வாங்கி வந்திருந்தார். வேண்டாவெறுப்பாக அதை மாட்டினார் கைராசி. சூடேறிய பிறகும் என்ஜின் சீராக ஓடியது. மாமியாரை மறுபடி மாட்டினார். சூடு ஏறியதும் திக்கியது. அடப்பாவி! மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊர்க் காயிலையெல்லாம் சோதித்த மாமியாரையே சோதித்துப் பார்க்க ஒருநாளும் அவருக்குத் தோன்றவில்லை. வேனில் மாற்றாமல் விட்டது காயில் ஒன்றைத்தான். அதுவும் பழுது, இதுவும் பழுது. நல்ல வண்டியைக் கொன்றது அவர்தான்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். வாசற்படியில் மாப்பிள்ளை தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, உங்க என்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு. வெறும் காயில்தான் போயிருக்கு. நான்தான் பாவி..."

"தெரியும் மச்சான்."

"எப்படி?"

"இரும்புக்கடைக்காரர் புதுக் காயில் போட்டு வித்துட்டாரு. தினமும் சந்தைக்கு வருது. நான்தான் அதுல மூட்டை ஏத்தி விடுறேன்."

"ஏன் மாப்ளே சொல்லல? என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாமே!"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "உங்க தங்கச்சிக்கு நீங்கதான் எல்லாம். வண்டிதான் போச்சு, அண்ணனும் போகணுமா? அவகிட்ட மூச்சு விடாதீங்க."

உள்ளே தங்கை தட்டு வைத்தாள். "அண்ணா, இவரு தோளைப் பார்த்தியா? எப்படியாவது பழைய வண்டி ஒண்ணு பார்த்துக் குடு. நீ கை வச்சுப் பார்த்துச் சொன்னாப் போதும், நாங்க கண்ணை மூடிட்டு வாங்கிடுவோம்."

கைராசி தலையாட்டினார். தட்டின் முன் உட்கார்ந்தார்.